ஐசோலெட் 2 மடக்கு கேமரா: முதல் ரோலில் வெள்ளைத் திட்டு, தூரத்துக் கோபுரம் மங்கல். எதை முதலில் சரி செய்வது?

தெப்பக்குளத்தான் எழுதியது:

வணக்கம். ஆக்ஃபா ஐசோலெட் 2, அப்போடார் 85 மி.மீ. எஃப் 4.5 லென்ஸ், பிராண்டார்-எஸ் ஷட்டர். முதல் 120 ரோல் (இல்ஃபோர்ட் எச்.பி.5 ஃபிலிம், வேகம் 400) கழுவியாயிற்று. 12 படமும் விழுந்திருக்கிறது, ஆனால்:

ஐந்து படங்களில் பிரிண்டில் ஓரம் கலைந்த வெள்ளைத் திட்டு. எல்லாம் ஒரே அளவு இல்லை, ஆனால் பெரும்பாலும் கீழ் இடது மூலைப் பக்கம். நெகட்டிவில் அந்த இடம் கறுப்பு.

ஃபோகஸை இன்ஃபினிட்டியில் (எல்லையற்ற தூரம்) வைத்து எஃப் 5.6-ல் எடுத்த மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரம் மங்கல். அதே படத்தில் பத்தடி தள்ளி இருந்த பூக்கடைக் கூடை கூர்மை.

ஃபோகஸ் வளையம் பிசின் வைத்த மாதிரி இறுக்கம். 1/5, 1/2, 1 விநாடி மூன்றிலும் ஷட்டர் பாதியில் நின்றுவிடுகிறது.

நெகட்டிவ் பொதுவாகவே அடர்த்தியாக இருக்கிறது. வெயிலில் 1/100, எஃப் 11 வைத்து எடுத்தது.

இதில் எதை வீட்டிலேயே செய்யலாம், எதைத் தொடக்கூடாது? சித்திரைத் திருவிழாவுக்குக் கையில் எடுத்துப் போகிற நிலைக்கு வருமா?


வடக்குமாசி எழுதியது:

திட்டு, துருத்தியில் (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே விரியும் மடிப்புப் பை) ஊசித்துளை விழுந்ததால். ஐசோலெட்டில் இது பரம்பரை வியாதி. அந்தக் காலத்து ஆக்ஃபா துருத்தி தோல் இல்லை, பிளாஸ்டிக் பூசிய துணி. மடிப்பு மூலைகள் முதலில் விரியும். பின்கதவில் பட எண் பார்க்கும் சிவப்பு ஜன்னல் வழி ஒளி புகுந்திருந்தால் திட்டு ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும், சில நேரம் ஃபிலிமோடு சுற்றியிருக்கும் பின்தாளில் உள்ள எண்ணே ஃபிலிமில் பதிந்துவிடும். ரோல் தளர்வாகச் சுற்றியிருந்தால் ஃபிலிமின் இரு விளிம்பிலும் நீளமாகக் கறுப்பு ஏறும். உங்களுக்கு இரண்டும் இல்லை. ஓரம் கலைந்த வட்டம், படத்துக்குப் படம் அளவு மாறுகிறது, சிலவற்றில் இல்லவே இல்லை என்றால் வெயில் எந்தப் பக்கம் இருந்தது, துருத்தியை எவ்வளவு நேரம் திறந்து வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

கேமராவுக்குள் படம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் விழுகிறது. துளை வழி வரும் ஒளியும் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போய்த்தான் விழும். இரண்டு திருப்பமும் ஒன்றையொன்று அடித்துவிடுவதால், பிரிண்டில் எந்த மூலையோ, எடுக்கும் நிலையில் பிடித்த கேமராவின் துருத்தியிலும் பெரும்பாலும் அதே மூலை. கீழ் இடதிலிருந்து தேடுங்கள்.

தேடும் முறை: ஃபிலிம் இல்லாமல், இரவில், விளக்கணைத்த அறை. பின்கதவைத் திறந்து சின்ன பேனா டார்ச்சை உள்ளே விட்டு ஒவ்வொரு மடிப்பு மூலைக்கும் நகர்த்துங்கள். வெளியிலிருந்து பார்த்தால் நட்சத்திரம் மாதிரித் தெரியும். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள். துருத்தியை லேசாக அசைத்தும் பாருங்கள், சில துளைகள் மடிப்பு விரியும்போதுதான் வாய் திறக்கும்.

நாலைந்து துளை என்றால் கறுப்பு ஃபேப்ரிக் பெயின்ட் போதும். மெல்லிய தூரிகையால் மூலையில் மட்டும், மெலிதாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று. துருத்தியை விரித்தபடியே ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மூடுவதற்கு முன் டால்கம் பவுடர் தடவித் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, அடுத்த முறை திறக்கும்போது பூசியதும் போய்ப் பழைய துணியும் உரிந்து வரும். தடிமனாகப் பூசினால் கேமரா மூடாது. இன்சுலேஷன் டேப் மட்டும் வேண்டாம். மதுரை வெயிலுக்கு அதன் பசை இளகி வழிந்து ஃபிலிம் வரைக்கும் போகும்.

பதினைந்து இருபது துளை தெரிந்தால் பெயின்ட் அடிப்பது கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப்போடுகிற கதைதான். புதுத் துருத்தி போட வேண்டும்.


கோபுரநிழல் எழுதியது:

ஃபோகஸ் பற்றி. வளையம் இறுக்கமாக இருப்பதும் கோபுரம் மங்கலாக இருப்பதும் ஒரே கோளாறு. ஆக்ஃபா போட்ட பச்சை கிரீஸ் காலப்போக்கில் அரக்கு மாதிரி இறுகிவிடும். இந்த லென்ஸில் முன்கண்ணாடி மட்டும் நடுக்கண்ணாடியின் மரையில் திரும்பி முன்னும் பின்னும் போக வேண்டும். கிரீஸ் இறுகியதும் இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். நீங்கள் பலம் கொடுத்துத் திருப்பினால் முன்கண்ணாடி அசையாது, நடுக்கண்ணாடி ஷட்டரிலிருந்து கழன்று வரும். வளையத்தில் எண் மாறும், உள்ளே நடப்பது வேறு. இனிமேல் அதைத் திருப்பாதீர்கள்.

சரி செய்யும் வரிசை:

முதலில் வளையத்தின் பக்கவாட்டில் இருக்கும் மூன்று சின்னத் திருகுகளைத் தளர்த்துங்கள். முழுதாகக் கழற்ற வேண்டாம், கீழே விழுந்தால் கிடைக்காது. வளையம் கையோடு வந்துவிடும். அடியில் பித்தளை மரை தெரியும். முன்கண்ணாடிச் சட்டம், நடுச்சட்டம், ஷட்டர் மூன்றுக்கும் குறுக்கே ஒரே கோடாக ஊசியால் கீறிக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு கண்ணாடியையும் ஒட்டியபடியே ஒன்றாகக் கழற்றுங்கள்.

எவர்சில்வர் கிண்ணத்தில் லைட்டருக்கு ஊற்றும் நாஃப்தாவை விட்டு, மூடி போட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். அடுப்பு, சாமி விளக்கு இருக்கும் பக்கமே வேண்டாம். அப்போடாரில் முன்னும் நடுவும் ஒட்டுக்கண்ணாடி இல்லை, தனித்தனி ஒற்றைக் கண்ணாடி, ஆகவே ஊறவைப்பதில் பயமில்லை. பெயின்ட் கடைத் தின்னரும் அசிட்டோனும் கூடாது, சட்டத்தின் கறுப்பு வண்ணத்தைத் தின்றுவிடும்.

மறுநாள் ஹேர் டிரையரால் சூடாக்கி, பழைய சைக்கிள் ட்யூப் துண்டு இரண்டை இரு பக்கமும் வைத்துக் கையால் எதிரெதிராகத் திருகுங்கள். வராவிட்டால் மறுபடி ஊறல், மறுபடி சூடு. மூன்று நாள் ஆனாலும் பரவாயில்லை. பிளையர் போட்டால் பித்தளை நீள்வட்டமாகிவிடும், அதற்கப்புறம் மரை ஏறவே ஏறாது.

அசையத் தொடங்கியதும் நிதானம். முன்கண்ணாடி மரையை விட்டு வெளியேறும் அந்தப் புள்ளியை இரண்டு சட்டத்திலும் குறித்துக்கொள்ள வேண்டும். வேறு இடத்தில் மரையை ஏற்றினால் ஃபோகஸ் எல்லை மாறிவிடும். பச்சைக் கிரீஸைப் பழைய பல் தூரிகையால் சுத்தமாக எடுங்கள். புதுக் கிரீஸ் தீக்குச்சி முனையில் தொட்டு வைக்கிற அளவுக்கு மேல் வேண்டாம். சூட்டில் எண்ணெய் பிரியும் வண்டிக் கிரீஸ் கண்டிப்பாகக் கூடாது, ஒரே கோடையில் அது ஷட்டர் இதழுக்கு இறங்கிவிடும்.

நடுக்கண்ணாடியை ஷட்டரில் முழு இறுக்கமாகப் போட்டபின் இன்ஃபினிட்டி வைக்க வேண்டும். பின்கதவைத் திறந்தால் இரண்டு ஜோடி தண்டவாளம் தெரியும். உள்ஜோடிமேல்தான் ஃபிலிம் உட்காரும். பால்நிற மேட் டேப்பை அதன்மேல் குறுக்கே இழுத்து ஒட்டுங்கள், தொய்வு கூடாது. வெளிஜோடியில் ஒட்டினால் கணக்கு முழுக்கத் தப்பு. எஃப் 4.5, ஷட்டர் பி-யில் (அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் நிலை), கேபிள் ரிலீஸால் திறந்து பூட்டி வைத்து, டேப்பில் விழும் படத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். குறி தூரத்தில் இருக்க வேண்டும். மாட்டுத்தாவணிப் பக்கம் மொட்டைமாடியிலிருந்து யானைமலையின் விளிம்பு நல்ல குறி, வானத்துக்கு எதிரே கோடு வெட்டினாற்போல் தெரியும். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியெல்லாம் போதாது. விளிம்பு கூர்மையானதும் கண்ணாடியை அசைக்காமல் வளையத்தை இன்ஃபினிட்டி முட்டும் இடத்தில் வைத்து மூன்று திருகையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். இறுக்கியபின் இன்னொரு தடவை பாருங்கள், பாதிப் பேருக்கு இங்கேதான் நகர்ந்துவிடும்.

ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் மங்கல் என்றால் அது வேறு நோய். லென்ஸ் உள்ள முன்பலகையைத் தாங்கும் கரங்கள் ஒன்று சரியாகப் பூட்டவில்லை அல்லது வளைந்திருக்கிறது.


ஹைப்போ எழுதியது:

ஷட்டரைத் திறக்க வேண்டாம் என்பேன். 1/25-லிருந்து 1/300 வரை ஓடினால் கையில் பிடித்து எடுக்க அது போதும், ராத்திரிக்கு பி இருக்கிறது. திறந்து மூடிய ஷட்டரில் ஒரு ஸ்பிரிங் தெறித்தால் மாற்று கிடைக்காது.


வடக்குமாசி எழுதியது:

அண்ணே, பாதி ஒத்துக்கிறேன். திறப்பதற்கு முன் அளந்து பார்க்கணும். மெதுவான வேகத்தை இழுத்துப் பிடிக்கும் பற்சக்கரம்தான் பல ஷட்டர்களில் 1/25, 1/50-க்கும் துணை நிற்கிறது. 1 விநாடியில் நின்றுபோகும் ஷட்டர் 1/25-ஐயும் 1/12 ஆக்கியிருக்கலாம், காதுக்குத் தெரியாது.

போனில் ஸ்லோ மோஷன், விநாடிக்கு 240 சட்டம் (ஃபிரேம்). பின்கதவைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஷட்டர் திறந்திருக்கும் சட்டங்களை எண்ணுங்கள். 1/10-க்கு 24 வரணும், 1/25-க்குப் பத்து, 1/50-க்கு ஐந்து. 1/100-க்கு மேல் இந்த முறை நம்பகம் இல்லை. ஒவ்வொரு வேகத்தையும் ஐந்து முறை. ஐந்தும் ஒரே மாதிரித் தப்பாக இருந்தால் பிரச்சினையே இல்லை, 1/25 என்பது உண்மையில் 1/18 என்று ஒரு சீட்டில் எழுதிக் கேமரா உறையில் வைத்துக்கொள்ளலாம். முறைக்கு முறை மாறினால்தான் சுத்தம் பண்ணணும்.

எண்ணெய் ஸ்ப்ரே அடித்து இளக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்த இதழ்கள் உலர்ந்து ஓட வேண்டியவை. எண்ணெய் பட்ட இதழ் ஒட்டிக்கொண்டு மெதுவாகத் திறக்கும். செல்ஃப் டைமர் நெம்புகோலையும் தொடாதீர்கள், பழைய பிராண்டாரில் அது நடுவில் மாட்டினால் ஷட்டர் முழுக்கப் பூட்டிக்கொள்ளும்.


தெப்பக்குளத்தான் எழுதியது:

எண்ணினேன். 1/25-க்கு 11, 11, 10, 11, 11. 1/50-க்கு ஐந்தாறு. அப்படியென்றால் திறக்கவில்லை. துளை நான்கு, எல்லாம் கீழ் இடது பக்கம். எக்ஸ்போஷர், ஃபிலிம் பற்றிச் சொல்லுங்கள். திருவிழாவுக்கு 400-தான் வேண்டுமா?


ஹைப்போ எழுதியது:

வேண்டாம். மதுரைப் பகல் வெயிலுக்கு 400 இந்தக் கேமராவில் அதிகம். தெளிந்த வெயிலில் எஃப் 16, ஷட்டர் ஃபிலிம் வேகத்தின் தலைகீழ் என்பதுதான் கணக்கு. 400-க்கு எஃப் 16, 1/400 வரணும். உங்களிடம் உச்சம் 1/300, பழைய ஸ்பிரிங்கில் அது 1/200 பக்கம்தான் இருக்கும். நீங்கள் வைத்ததோ 1/100, எஃப் 11: மூன்று ஸ்டாப் கூடுதல் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு). நெகட்டிவ் அடர்த்தியாக இருக்கிறதென்றால் காரணம் இதுதான், ஷட்டர் இல்லை. எஃப்.பி.4 ஃபிலிம் (வேகம் 125) போடுங்கள். வெயிலில் 1/100, எஃப் 16. வீட்டு நிழல், மரத்தடி என்றால் மூன்று ஸ்டாப் திறந்து எஃப் 5.6. மெல்லிய மேகம் மூடினால் எஃப் 11.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சிவப்பு ஜன்னல், சிவப்பு ஒளி உறைக்காத ஃபிலிம் பரவலாக இருந்த காலத்தின் ஏற்பாடு. இன்றைய ஃபிலிம் சிவப்பையும் பார்க்கும், 400 இன்னும் சீக்கிரம் பார்க்கும். ஃபிலிம் சுற்றும்போது உங்கள் உடம்பு நிழலில் பிடித்து, மூடியைத் திறந்து, எண் நடுவுக்கு வந்ததும் உடனே மூடுங்கள்.

திருவிழாவில் எதை எடுப்பது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். அழகர் ஆற்றில் இறங்குவது விடிகாலை. அந்த வெளிச்சத்தில் 400 போட்டாலும் எஃப் 4.5, 1/25 கிடைத்தால் அதிர்ஷ்டம். 3 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் கூர்மையாக விழுவது 2.75-லிருந்து 3.3 மீட்டர் வரைதான். அந்தக் கூட்டத்தில் முழங்கை இடிபட்டுக்கொண்டு கண்ணால் தூரம் கணிக்க முடியாது. மாசி வீதிகளில் தேர் வரும் காலை வெயில் இந்தக் கேமராவுக்கென்றே செய்த வெளிச்சம். எஃப் 16 வைத்து 9 மீட்டரில் ஃபோகஸை நிறுத்திவிட்டால் 4.5 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை கூர்மை. எஃப் 11 என்றால் 13 மீட்டரில் வைத்து 6.5-லிருந்து. வளையத்தை மறந்துவிட்டு எடுத்துக்கொண்டே போகலாம்.


கோபுரநிழல் எழுதியது:

கோபுரம் எடுக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 56 மி.மீ. படச்சட்டத்துக்கு 85 மி.மீ. லென்ஸ், ஆகவே படத்தில் விழும் உயரம் நிற்கும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. தெற்குக் கோபுரம் சுமார் 52 மீட்டர். கேமராவை நிமிர்த்தாமல் நேராகப் பிடித்தால் சட்டத்தின் மேல்பாதி மட்டுமே கோபுரத்துக்குக் கிடைக்கும், முழுதாக விழ 160 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். சித்திரை வீதியில் நின்று அண்ணாந்து எடுத்தால் உச்சி சிறுத்துப் பின்னால் சாயும். அதனால் மாடி கிடைத்தால் மாடி. கோயிலுக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை என்பது மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று. படம் எடுத்ததும் அடுத்த எண்ணுக்குச் சுற்றி வைத்துவிட்டு மூடும் பழக்கம் வேண்டாம். மூடிய துருத்தியைத் திறக்கும்போது உள்ளே காற்று இழுபடும், ஃபிலிம் முன்னால் தொப்பை போட்டு நடுப்பகுதி மங்கும். கதவைக் கையால் தாங்கி மெதுவாகத் திறங்கள், திறந்தபின் சுற்றுங்கள், இழுவிசையில் ஃபிலிம் தட்டையாகிவிடும்.


வைகைமணல் எழுதியது:

கழுவுவது பற்றி யாரும் சொல்லவில்லை. வெளியே கொடுத்தால் சரி. வீட்டில் என்றால் மதுரைக்கு இரண்டு எதிரி: தண்ணீரின் சூடு, தண்ணீரின் உப்பு.

டெவலப்பர் டி-76. பொடியாக வாங்காவிட்டாலும் ஆய்வக ரசாயனக் கடையில் சரக்கு வாங்கிக் கலக்கலாம். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். 50 டிகிரி சூட்டில் முக்கால் லிட்டர் தண்ணீர், முதலில் ஒரு சிட்டிகை சல்ஃபைட், பிறகு மெட்டால் முழுதாகக் கரையணும், அப்புறம்தான் மீதி சல்ஃபைட், ஹைட்ரோகுவினோன், போராக்ஸ். கடைசியில் ஒரு லிட்டருக்கு நிரப்புங்கள். சல்ஃபைட்டை முழுதாக முதலில் கொட்டினால் மெட்டால் கரையாது. கடையில் சல்ஃபைட் என்று அழுத்திச் சொல்லுங்கள், சல்ஃபேட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டால் ரோல் போச்சு. மெட்டால் சிலருக்குத் தோல் அரிப்பு தரும், கையுறை போடுங்கள்.

எஃப்.பி.4-க்கு டி-76-ஐத் தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று கலந்தால் 20 டிகிரியில் 11 நிமிடம். சித்திரையில் 20-க்கு இறக்குவது வீண் பாடு, 24 டிகிரி போதும், அதற்கு எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. நீர்க்காமல் போட்டு நேரத்தைக் குறைக்கலாம் என்று நினைக்காதீர்கள், ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் வானத்தில் வரி வரியாக விழும். டாங்கில் (ஒளி புகாத கழுவும் டப்பா) ஒரு 120 ரோலுக்கு 500 மி.லி. வேண்டும். குளிர்விக்க ஐஸை டெவலப்பரில் போடாதீர்கள், பாட்டிலை ஐஸ் வாளியில் நிறுத்துங்கள்.

பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகு. டெவலப்பர் 24, ஃபிக்ஸரும் 24, அலசுவதற்கு மட்டும் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வெந்நீர் மாதிரி வரும் குழாய்த் தண்ணீர். ஃபிலிமின் ஜெலட்டின் பூச்சு ஊறி மெத்தென்று ஆகி, விரல் பட்டாலே கீறும். சூடு ரொம்ப வித்தியாசப்பட்டால் பரப்பே சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். முதல் நாள் இரவே மண்பானையில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். மதுரையின் வறண்ட சூட்டில் காலையில் குழாய்த் தண்ணீரைவிட நன்றாக இறங்கியிருக்கும். அலச நிறைய வேண்டியதில்லை: டாங்கை நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டுங்கள், மறுபடி நிரப்பிப் பத்து, மறுபடி இருபது. போர் தண்ணீரில் கடைசி அலசல் வேண்டாம், காய்ந்ததும் வெள்ளைப் பொட்டு விழும், துடைத்தால் கீறும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் முக்கித் தொங்கவிடுங்கள்.


தெப்பக்குளத்தான் எழுதியது:

ரொம்ப நன்றி. டாங்கின் ரீலில் ஃபிலிம் ஏற்றும்போது பாதியில் சிக்குவதற்கு வழி உண்டா? இருட்டுப் பையில்தான் ஏற்றுகிறேன்.


வைகைமணல் எழுதியது:

பைதான் காரணம். கோடையில் இரண்டு நிமிடத்தில் உள்ளே கை வியர்த்து, அந்த ஈரம் பிளாஸ்டிக் ரீலில் படிந்து ஃபிலிமைப் பிடித்துக்கொள்ளும். இரவில் ஜன்னலில்லாத அறை, கதவு இடுக்கில் போர்வை, பை வேண்டாம். ரீலை முதல் நாளே கழுவி வெயிலில் காயவைத்திருக்கணும். பின்தாளைப் பிரித்தால் முதலில் வருவது ஒட்டாத முனை, மூலையிரண்டையும் கத்தரியால் லேசாக வெட்டிவிட்டு அதிலிருந்து ஏற்றுங்கள். கடைசியில் வரும் ஒட்டுப்பட்டியை வெடுக்கென்று பிய்க்காதீர்கள், பொறி மாதிரி வெளிச்சம் வரும். மெதுவாக உரியுங்கள் அல்லது வெட்டிவிடுங்கள்.

எடுத்த ரோலைச் சுற்றுத் தளராமல் ஒட்டி, கறுப்புக் கவரில் போட்டுச் சட்டைப்பையில் வையுங்கள். வண்டி சீட்டுக்கு அடியில் வேண்டாம்.